பேய் சொல்லாத வசனம்

அந்தப் பழைய தமிழ்ப் பேய்ப் படத்தை மறுபடி எடுத்திருக்கிறார்கள். மகள் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். அடியில் பர்மிய எழுத்து ஓடியது. வசனத்தைப் பர்மியத்தில் சொல்ல அவளுக்கு நான் தேவையில்லை.

படத்தில் ஊஞ்சல் கிறீச்சிட்டதும், பர்மாவில் பபேடான் பேட்டை வீட்டில், பத்து வயதில் இருந்தேன். அப்பா வாடகைக் கேசட்டைச் சட்டையில் துடைத்துப் போடுவார். தமிழ் தெரியாத பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணி டோ மியா, "பேய் என்ன சொல்லுது?" என்று என் கையை இறுக்கிப் பிடிப்பார். நான்தான் பர்மியத்தில் சொல்வேன். பேய் வாயே திறக்காதபோதும், "கதவுப் பக்கம் உட்கார்ந்திருப்பவரைத்தான் முதலில் தின்பேன்" என்பேன். அந்த இடம் உடனே காலியாகிவிடும். அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு அங்கே போய்க் காற்று வாங்குவார்.

படம் முடிந்ததும் மகள் பர்மியத்தில் கேட்டாள்: "அம்மா, கதவுப் பக்கம் இருக்கிறவங்களைத் தின்பேன்னு பேய் சொல்லும்னியே? இதுல வரவே இல்லையே?"

"பாத்தியா, கெடுத்துட்டானுங்க!" என்றேன்.