ஒரு விரல் பெரிய பிரஷ்

போன வாரம் அடையாறு வீட்டுச் சமையலறைச் சிம்னியைப் பார்க்க சர்வீஸ்காரர் வந்தார். எந்த பிரஷ் போட்டுத் தேய்க்கலாம் என்று கேட்டேன். "பிரஷ்ஷே வேணாம் சார். பட்டன அமுக்குனா அதுவே கிளீன் பண்ணிக்கும்." பிரஷ் விற்றே கல்யாணம் வரை வந்தவனிடம் சொல்கிற பேச்சா இது, நீங்களே சொல்லுங்கள்! ஆனால் அவர் கழற்றிய தட்டிலிருந்து வந்த கரிவாடை என்னைச் சாந்தோமுக்குத் தூக்கிப்போய்விட்டது.

கல்யாணத்துக்கு முன்பு நான் ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை ஒன்றுக்காக பிரஷ் விற்றுக்கொண்டிருந்தேன். தகரக் குழாய்க்கு நைலான், செங்கல் சிம்னிக்கு இரும்புக் கம்பி. எதுவானாலும் துளையைவிட ஒரு விரல் பெரிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் சுரண்டும். இது என் வேதம். இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை.

சாந்தோமில் சேவியர் அண்ணன் பேக்கரியில் விறகு அடுப்பு. கிறிஸ்துமஸ் நெருங்கினால் தெருக்காரர்கள் கேக் மாவை வீட்டில் கலக்கி, தட்டில் ஊற்றி, துணி மூடிக் கொண்டுவந்து அங்கே சுட்டு வாங்கிப்போவார்கள். ஒரு வருடம் அடுப்பு புகையைத் திருப்பித் துப்பியது. மாவுத் தட்டுகளோ வந்துவிட்டன. அடுப்பை அணைத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

மாடியேறி, சிம்னி வாயை அளந்து, ஒரு விரல் பெரிய கம்பி பிரஷ்ஷைக் கயிறும் கல்லும் கட்டி இறக்கினேன். பாதியில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. உள்ளே கரி அப்பி வழி குறுகியிருந்ததை என் வேதம் யோசிக்கவில்லை.

இறங்கி வந்தால், மீன் விற்கும் லூர்து அக்கா தட்டோடு நிற்கிறார்.

"இன்னா நைனா, உன் பிரஷ்ஷு உள்ளயே கிறிஸ்மஸ் கொண்டாடப் போவுதா? இங்க மாவு அமுங்கிக்கினு கீது!"

"மேலேர்ந்து இழுத்தா வந்துடும்க்கா" என்றேன், ஏதோ தினமும் நடப்பதுபோல.

அக்கா வீட்டுக்காரரும் அவர் மச்சானும் மாடியேறி, வலை இழுக்கிற இழுப்பு இழுத்தார்கள். நிபுணன் நான் சும்மா இருப்பேனா? அடுப்புக்குள் தலையை நீட்டி, அண்ணாந்து பார்த்து, "இன்னும் இழுங்க!" என்று உத்தரவு போட்டேன். பிரஷ் மேலே போனது. கரி மொத்தமும் கீழே வந்தது.

"மூஞ்ச கயுவு நைனா, புள்ளைங்க பயப்புடுதுங்க."

மறுபடி இறக்கியபோது பிரஷ் அடுப்புவரை சுரண்டிக்கொண்டே வந்தது. விறகு பற்றியது, புகை மரியாதையாக மேலே போனது. ஒரு தட்டு மாவும் வீணாகவில்லை. சேவியர் அண்ணன் அந்த பிரஷ்ஷையே வாங்கிக்கொண்டார். ஓரம் கருகிய கேக் துண்டு ஒன்றை லூர்து அக்கா எனக்குத் தந்தார், நிறப்பொருத்தம் பார்த்து.

இன்று அங்கே கண்ணாடிக் கதவு போட்ட கேக் கடை. துணி மூடிய தட்டோடு டிசம்பரில் யாரும் நடப்பதில்லை. என் சிம்னி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளுமாம், செய்துகொள்ளட்டும். சேவியர் அண்ணன் சிம்னிக்கு ஒரு தெருவே வேண்டியிருந்தது.