ஜெனியின் மூச்சும் பேர் சொல்லாத குடும்பமும்

சபையாரே, இன்றைக்கு ஒரு சாட்சி சொல்ல எழுந்திருக்கிறேன்.

எங்கள் வீடு பேச்சிப்பாறைக்குக் கீழே, ரப்பர் தோட்டத்துக்குள். போன வருஷம், மழை விட்டு மறுபடி ரப்பர் பால் வெட்டத் தொடங்கிய நேரம். பால் உறைய ஊற்றுகிற ஆசிட்டில் தண்ணீர் கலந்து, மீதியைப் பழைய கலர் சோடா பாட்டிலில் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் வீட்டுக்காரரும் ஷெட்டில் அப்படித்தான் வைத்திருந்தார். எங்கள் மகள் ஜெனிக்கு நாலு வயது. கலர் என்று நினைத்துக் குடித்துவிட்டாள்.

அலறல் கேட்டு ஓடினேன். உதடு வெளுத்திருந்தது. எச்சில் ஒழுகியது. விழுங்க முடியவில்லை. அவளைக் கக்க வைக்க அவர் உப்புத் தண்ணீரோடு ஓடி வந்தார். எதிர்வீட்டு ஜீப்காரர் அவர் கையைத் தட்டிவிட்டார். "ஒண்ணும் குடுக்காண்டாம்! கக்கினா தொண்டை திரும்பவும் வெந்து பொள்ளும். ஏறுங்க!"

வழியெல்லாம் அவள் மூச்சு இழுத்தது. முன்பென்றால் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் திருவனந்தபுரத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். அத்தனை தூரம் தாங்கமாட்டாள் என்று பெற்றவளுக்குத் தெரியாதா? எனக்கு ஜெபமெல்லாம் மறந்துபோச்சு. "ஏசப்பா, மூச்சு மட்டும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம் மிஷன் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டு திறந்து அதிக நாள் ஆகவில்லை. இங்கிருந்து வெளிநாடு போன ஒரு குடும்பம் பெரிய தொகை கொடுத்துக் கட்டியது. பேர் போடவேண்டாம் என்றுவிட்டார்களாம். மூச்சு விட ஜெனியின் தொண்டைக்கு ஏற்ற சின்னக் குழாய் அங்கே இருந்தது. வீங்கி அடைபடும் முன்னே டாக்டர் அதை இறக்கிவிட்டார்.

பெற்றவர்கள் தங்க வார்டுக்குப் பின்னால் ஒரு வீடும் கட்டியிருக்கிறார்கள். சாப்பாடும் உண்டு. அங்கே இருந்த குழித்துறை அக்கா அம்மனைக் கும்பிடுகிறவள். வார்டில் கிடந்த மகனுக்காகக் காத்திருந்தாள். "ஏட்டி, நீ இப்படி ஓயாம அழுதா ஒன் சாமிக்கே காது அடைச்சுப் போவும். ரெண்டு வாய் கஞ்சி குடி" என்றாள். அழுதுகொண்டே சிரித்தேன்.

குழாயை எடுத்த அன்று ஜெனிக்குக் குரல் வருமா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். கரகரவென்று ஒரு சத்தம். "அப்பா, எனக்கு அந்தக் கலர் வேண்டாம்."

என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நான் கூப்பிடும் முன்பே கர்த்தர் பேர் சொல்லாத அந்தக் குடும்பத்தின் மனதில் பேசி, என் பிள்ளையின் மூச்சுக்கு வழி செய்து வைத்திருந்தார். இப்போது சனிக்கிழமைதோறும் நானும் வீட்டுக்காரரும் பெற்றவர்கள் தங்கும் அந்த வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சுகிறோம். உங்கள் ஷெட்டிலும் அப்படி ஆசிட் பாட்டில் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். என் பயம் இன்னும் முழுதும் போகவில்லை. அவள் இருமினால் நெஞ்சு அடிக்குது. பயம் போகட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று இருக்காதீர்கள். பயத்தோடேயே கூப்பிடுங்கள். அவர் கேட்கிறார்.