தெருவுக்குக் குறுக்கே கட்டிய கொடி

ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் எனக்குப் பதினொரு வயது. பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் பகலெல்லாம் எங்கள் வீட்டு மாடியில் நின்று தெருவைப் பார்ப்பதே வேலை. பார்க்கவும் நிறைய இருந்தது. நகரத்தின் நடுவே லான்மடா பேட்டையில் இருந்தது எங்கள் தெரு. அதன் நடுவில் அக்காவும் அவளுடன் கல்லூரியில் படித்தவர்களும் தினமும் கூடிக் கோஷம் போடுவார்கள். சிப்பாய்களின் லாரிச் சத்தம் கேட்டதும் கலைந்து, எந்த வீட்டுப் படிக்கதவு திறந்திருக்கிறதோ அந்த வீட்டில் ஏறிவிடுவார்கள். எல்லா வீட்டுப் படிக்கதவுகளும் திறந்தே இருந்தன.

ஆனால் ஓடி ஒளிய நேரம் போதவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஊரெங்கும் ஓர் உபாயம் பரவியது. பெண்கள் இடுப்பில் கட்டும் தமெயினுக்கு அடியில் ஓர் ஆண் நடந்துபோனால் அவனுடைய மகிமை குறைந்துவிடும் என்பது இங்குள்ள நம்பிக்கை. சிப்பாய்களும் இந்த ஊர்த் தாய்மார் வளர்த்த பிள்ளைகள்தானே. மாடிக்கு மாடி கயிறு இழுத்து, தெருவுக்குக் குறுக்கே தமெயின்களைத் தொங்கவிட்டார்கள். கயிறு, பக்கத்துப் பேட்டையான லத்தாவில் இருந்த அப்பாவின் கடையிலிருந்துதான் வந்தது. எதற்கென்று அவர் கேட்கவில்லை.

அக்கா அம்மாவிடம், "உங்க பழசு ஒண்ணு குடுங்கம்மா" என்றாள்.

"பழசு எதுக்கு? நல்லதாவே கட்டு. பாக்கிறவன் பாக்கட்டும்" என்று அம்மா பெட்டியைத் திறந்தாள்.

மறுநாள் காலையில் கடைக்குப் புறப்பட்ட அப்பா வாசலில் நின்று மேலே பார்த்தார். பாட்டன் காலத்திலிருந்து இங்கேயே வாழும் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. இந்த ஊர் நம்பிக்கைகளில் அப்பா இந்த ஊர்க்காரர்களையே மிஞ்சியவர். உடனே திரும்பி, வீட்டுப் பின்பக்கச் சந்து வழியாகப் போனார். மேல்மாடிக் குப்பையெல்லாம் வந்து விழுகிற சந்து அது. தோளில் மீன் முள்ளோடு வீடு திரும்பியவரைப் பார்த்து அம்மா சொன்னாள்: "சிப்பாய் நிக்கிறானோ இல்லையோ, நம்ம வீட்டு ஆளு நின்னுட்டாரு."

சில நாள் கழித்து, அப்பா மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தபோது லாரி வந்தது. தெருமுனையில் முதல் துணிக்கொடிக்கு முன்னால் அது நின்றேவிட்டது. சிப்பாய்கள் இறங்கி அண்ணாந்து பார்த்தார்கள். 'நீ போ' என்று ஒருவருக்கொருவர் கையைக் காட்டிக்கொண்டார்கள். கடைசியில் ஒருவன் லாரியின் மேல் ஏறி, மூங்கில் கழியால் துணிகளை இழுக்க ஆரம்பித்தான்.

அதற்குள் எல்லோரும் கலைந்துவிட்டார்கள், இரண்டு பேரைத் தவிர. எங்கள் மேல்மாடியில் இருந்த முஸ்லிம் வியாபாரியின் மகள், அக்காவின் உயிர்த்தோழி, கால் பிசகி நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா அவளைத் தூக்கப் பார்த்தாள், முடியவில்லை. விட்டு வரவும் மனமில்லை. எங்கள் வாசலுக்கும் அவர்களுக்கும் இடையே தமெயின்கள் வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன.

நான் அப்பாவைத் தேடித் திரும்பினேன். சோற்றுத் தட்டு இருந்தது, அவர் இல்லை. தெருவில் இருந்தார். மேலே பார்க்காமல், எல்லாக் கொடிகளுக்கும் அடியில் நேராக நடந்துபோய், அந்தப் பெண்ணை முதுகில் ஏற்றிக்கொண்டு, அக்காவை முன்னால் ஓடவிட்டு, அதே வழியாகத் திரும்பினார். ஒரு தமெயின் அவர் தலையில் உரசியது. அம்மா படிக்கதவைத் தாழிட்டாள். சிப்பாய்கள் கடைசிக் கொடியையும் அறுத்துவிட்டு வந்தபோது தெருவில் செருப்புகள்தான் கிடந்தன. அவற்றின்மீது கண்ணீர்ப்புகை போட்டுவிட்டுப் போனார்கள்.

"குளிக்கத் தண்ணி வைக்கட்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

"எதுக்கு?"

"அடியில போனீங்களே."

அப்பா சற்று யோசித்தார். "சோறு ஆறிப்போச்சு. அதைச் சூடு பண்ணு."

தோழியின் வீங்கிய காலை மடியில் வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டே அக்கா சொன்னாள்: "நாளைக்கும் கட்டுவோம்பா."

"கட்டுங்க. அந்தக் கயிறு சரியில்ல. நல்லதாத் தர்றேன்."

அப்பா தந்த கயிற்றிலும் கொடிகள் ஆடின. மழைக்காலத்தில் தெருவில் கூட்டம் கூடவே முடியாமல் போயிற்று. பலரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் போராட எல்லைப்பக்கத்துக் காடுகளுக்குப் போகிறார்கள் என்று பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அந்த நாட்களில்தான் அக்காவும் அவள் தோழியும் தூரத்து ஊரான மௌலமியனில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் புறப்பட்டார்கள். அப்பாவே பஸ் ஏற்றிவிட்டார். என்னையும் கூட்டிப்போகாத கோபத்தில் நான் அக்காவோடு பேசவில்லை. அவளோ சன்னல் வழியாக என் மூக்கைக் கிள்ளிவிட்டுச் சிரித்தாள்.

எப்போதாவது போன் வரும். அத்தை வீட்டில் எல்லாரும் நலம், தோழி இப்போது மலையேறுகிற அளவுக்கு நன்றாக நடக்கிறாள், சீக்கிரம் வந்துவிடுவோம் என்பாள் அக்கா. அவள் குரலில் கவலையே இருக்காது. போனை வைத்த பிறகு அப்பா அன்று முழுவதும் உற்சாகமாக இருப்பார். நான் தவறாமல் ஒன்று கேட்பேன்: இன்றைக்கு அத்தை என்ன சமைத்தார்கள்? மூங்கில் குருத்து என்பாள். அடுத்த முறையும் மூங்கில் குருத்துதான்.

"அந்த அத்தைக்கு வேற சமையலே தெரியாதா?" என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பாவம், அவங்க வீட்டுல பிள்ளைங்க ரொம்ப ஜாஸ்தி" என்றாள் அம்மா.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கூடப் பிறந்தவர்கள் யாருமே கிடையாது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அப்போது அது உறைக்கவில்லை.