பிஸ்கட் டின் மாத்திரை

என் கணவருக்கு முதுகுவலி என்றால் பாதி நிஜம், பாதி எம்சி. கெலாங் பாத்தாவில் அவருடைய தொழிற்சாலைக்கென்றே ஒரு கிளினிக் இருக்கிறது. அங்கே போய் முகத்தைச் சுளித்தால் ஒருநாள் விடுப்புக்கு எம்சி என்கிற மருத்துவச் சீட்டும், கூடவே ஒரு பொட்டலம் மாத்திரையும் கிடைக்கும். சீட்டு தொழிற்சாலைக்குப் போகும். மாத்திரை எங்கள் வீட்டு பிஸ்கட் டின்னுக்குப் போகும். எனக்குத் தெரிந்த வீடுகளில் எல்லாம் இப்படி ஒரு டின் உண்டு.

ஏழாம் மாதத்தில் என் இடுப்பு விட்டுப்போனது. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் நடக்க முடியாது. பாவம், அவருக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. டின்னைத் திறந்து ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொண்டு வந்தார்.

"எனக்கு இதான் கேக்குது. நீயும் ஒன்னு போட்டுப் பாரு லா."

"வயித்துல புள்ள இருக்குங்க."

"வலி மாத்திரதானே, வெசமா?"

போட்டேன். கேட்டது. பொய் சொல்ல மாட்டேன், சுகமாக இருந்தது. அப்புறம் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்றாகிவிட்டது. ஒரு பொட்டலம் தீர்ந்தால் அவரே அடுத்ததைப் பிரித்துத் தருவார்.

மாதப் பரிசோதனையில் வயிற்றை டேப் வைத்து அளந்த தாதி, நேராக ஸ்கேன் அறைக்கு அனுப்பினார். பிள்ளையைச் சுற்றி இருக்கவேண்டிய தண்ணீர் குறைந்துவிட்டது என்றார் டாக்டர். என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார். கைப்பையில் இருந்ததை எடுத்துக் காட்டினேன்.

தாதி தலையில் அடித்துக்கொண்டார். "இது புள்ளயோட கிட்னியக் கெடுக்கும்மா. புள்ள ஒன்னுக்குப் போனாதான் அந்தத் தண்ணியே ஊறும். எங்கள ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

என் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே போய்விட்டது. இதுவும் போனால் நான் இருந்து என்ன செய்ய? மாத்திரையை அடியோடு நிறுத்திவிட்டு அடுத்த வாரம் வரச் சொன்னார் டாக்டர். தண்ணீர் கூடினால் பிழைத்தோம். கூடாவிட்டால் குறைமாதத்திலேயே பிள்ளையை வெளியே எடுக்கவேண்டி வரலாம்.

காரில் ஏறியதும் கணவரிடம் கத்தித் தீர்த்தேன். "வெசமான்னு கேட்டீங்களே, இப்பச் சொல்லுங்க!" அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. அழவேண்டியவள் நான் அல்லவா?

அந்த வாரம் நரகம். போன வலி முழுசாகத் திரும்பி வந்தது. டாக்டர், கர்ப்பிணிக்கு ஆகும் என்று வேறு மாத்திரை கொடுத்திருந்தார். பயத்தில் அதைக்கூடத் தொடவில்லை. தலையணையைக் கடித்துக்கொண்டு, வயிற்றில் கை வைத்தபடியே கிடந்தேன். பிள்ளை கொஞ்ச நேரம் அசையாவிட்டால் போதும், "ஒரு உதை உதைச்சிரு கண்ணு, அம்மாவப் பயமுறுத்தாத" என்று கெஞ்சுவேன். எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை.

மறுபடி ஸ்கேன். டாக்டர் அளந்தார். திரும்பவும் அளந்தார். கூடியிருக்கிறது, இன்னும் போதாது, ஆனால் கூடியிருக்கிறது என்றார்.

"அலமாக், இதச் சொல்ல இவ்ளோ நேரமா!" என்று கத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் என்னை மெல்லப் படுக்கவைத்து, கால்மாட்டில் உட்கார்ந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இன்னும் வலிக்குதா?"

"உசுரு போவுதுங்க. வலிக்கட்டும்."