பெயர் சொல்லாத மொய்

ஷாஹிதா போய்விட்ட செய்தி வந்தபோது நான் ஜமுனாமரத்தூரில் ஏணி மேல் நின்று பலாமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தேன். வாணியம்பாடியிலிருந்து அவர் தம்பி போன் செய்தான்.

"நைனா, எங்க கீறீங்க?"

"ஏணி மேல."

"எறங்கிட்டுச் சொல்லுங்க."

அந்தக் குடும்பத்துக்கே என்னை ஏய்ப்பதில் ஒரு ருசி உண்டு. அதனால் இறங்காமலே, "இன்னாடா, உங்க அக்கா எங்கனா எனக்குப் பொண்ணு பாத்துட்டாளா?" என்று கேட்டேன். அவன் மறுபடியும், "எறங்குங்க நைனா" என்றான். அதற்குப் பிறகுதான் இறங்கினேன். மாரடைப்பு என்றான். காலையில் டீ போட்டு வைத்திருக்கிறார், குடிக்கவில்லை.

அவர் உயிரோடு இருந்தவரை நேரில் 'இன்னாம்மா' என்றுதான் கூப்பிட்டேன். அச்சில் 'அவர்' என்று போடவேண்டும் என்கிறார்கள். போடுகிறேன். கேட்டால் அவரே சிரிப்பார்.

உங்களுக்கு அவரை மலைச் செய்தி எழுதும் நிருபராகத் தெரியும். தோல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, ஸ்கூட்டியில் மலை ஏறி வந்து, எங்கள் ஊர்களின் தண்ணீர்க் குழாயையும் ரேஷன் கடையையும் மாவட்டப் பத்திரிகையில் எழுதியவர். எனக்கு மைக் செட் தொழில். காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் மொய் வைத்தவர் பெயரை மைக்கில் வாசிப்பதும் நான்தான். ஐந்தாவதைப் பாதியில் விட்டவன் என்பதால் ஆள் பெயரும் ஊர்ப் பெயரும்தான் எனக்குத் தடுக்காமல் வரும்.

மேல்பாறைக்குப் போகிற வழியில் புதிதாகக் கட்டிய பாலம் முதல் மழைக்கே ஓடையோடு போனது. ஷாஹிதா அதைப் படத்தோடு எழுதினார். பத்திரிகையின் பேஸ்புக் பக்கத்தில் அந்தச் செய்திக்குக் கீழே கமெண்ட் கொட்டியது. எல்லாம் மேல்பாறைக்காரர்கள் பெயரில். படம் வேறெங்கோ எடுத்தது, பாலம் நன்றாக இருக்கிறது, தினமும் அதில் பஸ்ஸில் போகிறோம், ஒன்றியத் தலைவர் வாழ்க, இந்தப் பொம்பளை எதிர்க்கட்சியிடம் காசு வாங்கி எழுதுகிறாள் என்றார்கள். அவர் மதத்தைச் சொல்லி எழுதியதை இங்கே நான் எழுதமாட்டேன்.

பத்திரிகை ஆசிரியர் அவரைக் கூப்பிட்டு, மலைக்காரர்களே மறுக்கிறார்கள், நீ எழுதியதை நிரூபி, இல்லையென்றால் மலைக்கு வேறு ஆளைப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். ஷாஹிதாவுக்கு அந்த வேலைதான் சோறு. அதைவிட, பொய் எழுதினாள் என்ற பெயரோடு இந்த மலையை விட்டு இறங்க அவருக்கு மனசில்லை.

மறுநாள் டீக்கடையில் என் எதிரில் உட்கார்ந்து போனைத் திறந்தார். நான் மொய் வாசிக்கிற அதே ராகத்தில் வாசித்தார்.

"மேல்பாறை ரமேசு, ஒரு வசவு. மேல்பாறை சுதா, ரெண்டு வசவு. இன்னா நைனா, நல்ல மொய் வந்துகீதா?"

"வந்த மொய்ய திருப்பிச் செய்யணும்மா. இல்லன்னா ஊர்ல கேவலமா பேசுவாங்க."

"செஞ்சிடலாம்," என்றார்.

மேல்பாறைக்கு எந்தக் காலத்திலும் பஸ் போனதில்லை. அங்கே போன் பேசவேண்டுமென்றால் ஊருக்குப் பின்னால் பாறை மேல் ஏறவேண்டும். அவர் அந்தப் பெயர்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். அந்தப் பெயர்களில் ஓர் ஆள்கூட அங்கே இல்லை. ஓர் அம்மாள் மட்டும், "இத்தினி பேரு எங்க ஊர்ல கீறாங்களா? அப்ப ரேஷன்ல இன்னும் அரிசி வரணுமே" என்று சண்டைக்கு வந்தாராம்.

எழுதியது யார் என்பதும் கொஞ்ச நாளில் தெரிந்தது. அடிவாரத்தில் ஒரு டயர் கடைக்கு மேலே கோபி என்பவன் ரூம் போட்டு, பெண் பிள்ளைகளைச் சம்பளத்துக்கு வைத்து எழுத வைத்தான். அதில் சிலர் பெயர் சொல்லாமல் ஷாஹிதாவிடம் பேசினார்கள். சம்பளம் கோபி கையால் வருகிறது, கோபிக்கு யார் கொடுக்கிறார்கள் என்று தெரியாது என்றார்கள். கோபியைக் கேட்டால், தலைவர் மேல் பாசம் என்றான்.

நான் சொன்னேன். "காண்ட்ராக்டர் சம்பத்துதாம்மா. பாலம் கட்டுனதும் அவரு, தலைவருக்கு மச்சானும் அவரு. மலைக்கே தெரியும்."

"மலைக்குத் தெரியறத எல்லாம் எழுத முடியாது நைனா. குடுத்த கை தெரியணும்."

அந்த ஆவணியில் கோபி தன் மகளுக்குப் போளூர் மண்டபத்தில் காதுகுத்து வைத்தான். மைக் என்னுடையது. ஷாஹிதாவிடம் சொன்னேன். "நீ ஒன்னும் பண்ணாத. வாயி சும்மா இருக்கட்டும்" என்றார். என்னைத் தெரிந்தும் அப்படிச் சொன்னார்.

சம்பத்து வந்தார். மொய் மேசையில் ரூபாய்க் கட்டு ஒன்றை வைத்து, பெயர் வேண்டாம், 'நலம் விரும்பி' என்று போடு என்றார். நானும் அப்படியே வாசித்தேன். தொகையைக் கேட்டதும் மண்டபமே வாயில் வைத்த சோறோடு நிமிர்ந்தது. அடுத்து அவருடைய சகலை வைத்த மொய். அதில் கால்வாசிகூட இல்லை. ஆனால் பெயரோடு வைத்தார். இருவருக்கும் பல வருஷமாக ஆகாது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சகலைய பாருங்க, கொஞ்சமா வெச்சாலும் பேரோட வெச்சாரு. நலம் விரும்பி யாரோ தெரியலியே. வூட்டுக்காரம்மாவுக்குத் தெரியாம வெச்சிட்டாரோ இன்னாவோ."

மண்டபம் சிரித்தது. சகலை ரொம்பச் சிரித்தார். சம்பத்து இலையை விட்டு எழுந்து, எச்சில் கையோடு வந்து மைக்கைப் பிடுங்கினார்.

"யோவ், வெச்சது நான்யா. மொய் மட்டுமா? கோபி ரூமுக்கு வாடகை நானு, கம்ப்யூட்டர் நானு, பசங்க சம்பளம் நானு. இவன் இன்னாத்த குடுத்தான்? கேளு."

எங்கள் பக்கத்தில் பெயர் இல்லாமல் காசு கொடுக்க முடிந்தவன் இன்னும் பிறக்கவில்லை.

பாராட்டு வரும் என்று ஷாஹிதாவிடம் ஓடினேன். திட்டு விழுந்தது. "நீ சீண்டி வாங்கனத நான் எப்பிடி எழுதறது? எனக்காகப் பண்ணன்னு சொல்லுவாங்க." ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதற்குள் கோபி ரூமே காதுகுத்து வீடியோ முழுவதையும் யூடியூபில் போட்டது, சம்பத்து பேச்சோடு. அவர்கள் வீட்டு விசேஷம், அவர்களே போட்டது. பிறகுதான் எழுத உட்கார்ந்தார். அப்போதும் சம்பத்து வீட்டுக்குப் போய்ப் பதில் கேட்டு, "மொய் வெக்கறது தப்பா?" என்று அவர் சொன்னதையும் சேர்த்தே போட்டார்.

வேலை தங்கியது. ரூம் வேறு ஊருக்குப் போனது. ஓடையில் இப்போது குழாய் போட்டு மண் கொட்டியிருக்கிறார்கள், பாலம் வரவில்லை. 'மைக் செட் கிழவன் குடிகாரன்' என்று எனக்கும் கமெண்ட் வந்தது. அதை டீக்கடையில் வாசித்துக் காட்டி, "இது மட்டும் உண்மையா எழுதிகீறாங்க நைனா" என்றார்.

போன வாரம் ஜமுனாமரத்தூரில் அவருக்கு இரங்கல் கூட்டம் வைத்தோம். மைக் நான்தான், வாடகை வாங்கவில்லை. மாலை போட்டவர்கள் பெயரை வாசித்துக்கொண்டே வந்தேன். ஒரு சீட்டில் 'நலம் விரும்பிகள்' என்று மட்டும் இருந்தது. முன்பென்றால் படித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பேன். நிறுத்திவிட்டேன்.

"நலம் விரும்பிகள் யாருங்க? எழுந்து நில்லுங்க. பேர் தெரியாம இங்க வாசிக்கிறதில்ல."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அவள் பக்கத்தில் இருந்தவளும் எழுந்தாள்.

"நாங்க அந்த ரூம்ல இருந்தவங்க. மேல்பாறை சுதான்னு எழுதனது நான்தான்," என்றாள் முதலாமவள்.

"சுதா கெடக்கட்டும்மா. உன் பேரு?"

"கவிதா. இவ நந்தினி. கண்ணமங்கலம்."

வாசித்தேன். "கண்ணமங்கலம் கவிதா, நந்தினி. ஒரு ரோஜா மாலை." சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி இன்னொரு தரமும் வாசித்தேன்.

ஷாஹிதாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான்: கொடுத்தது யார். இனி என் மைக்கில் 'நலம் விரும்பி' கிடையாது. விசேஷம் வைக்கிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.