நேர்ந்துவிட்ட சேவல்

எங்கள் வீட்டுச் சிவப்புச் சேவல் மேல் யாரும் கை வைக்க முடியாது. அது சாமிக்கு நேர்ந்துவிட்டது. போன மழைக்காலத்தில் என் மனைவி டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைத்து அந்தச் சேவலை அறுப்பதாக வேண்டிக்கொண்டாள். பிழைத்தும் வந்தாள். எங்கள் சாமிக்கு ஆடி மாதம்தான் படையல். அப்போது நடந்துகொண்டிருந்தது ஐப்பசி.

அந்த வார்டில் இரவு வேலை பார்த்த நர்ஸ் பெண்தான் ஆறு நாளும் இவளைக் கண்ணாகப் பார்த்துக்கொண்டாள். அதனால் தை மாதம் எங்கள் பக்கத்துப் போர்ஷன் காலியானதும் இவளே அந்தப் பெண்ணுக்கு போன் போட்டாள். லாஸ்பேட்டையிலேயே இவ்வளவு அமைதியான தெரு கிடைக்காது என்று சொன்னாள். அப்படிச் சொல்லும்போது சேவல் அவள் காலடியில்தான் நின்றது. அந்த மாதமே அந்தப் பெண் குடிவந்துவிட்டாள்.

சேவல் விடியற்காலையில் கூவும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் சேவல் எல்லா நேரமும் கூவியது. குக்கர் விசில் அடித்தால் கூவும். காலேஜ் பிள்ளைகள் ஸ்கூட்டரில் ஹாரன் அடித்தால் கூவும். ஐந்து பெட்டைகளில் ஒன்று முட்டையிட்டுக் கொக்கரித்தால், முட்டையிட்டதே தான்தான் என்பது போல மதில் மேல் ஏறிக் கூவும். பின்தெருவில் ஒரு சேவல் உண்டு. அது ஒரு குரல் கொடுத்தால் இது இரண்டு கொடுக்கும். இதெல்லாம் அதிகம் நடப்பது காலை ஒன்பதிலிருந்து மத்தியானம் இரண்டு வரை. இரவு வேலை முடிந்து வந்து அந்தப் பெண் தூங்கும் நேரமும் அதுதான்.

வீட்டில் இன்னொரு இளஞ்சேவலும் இருந்தது. கறுப்பு. அது ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. பெரியது தீனிக்கு வந்தால் தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓரமாக ஒதுங்கிவிடும். பெட்டைகள்கூட அதைக் கொத்தி விரட்டும். ஊமைச் சேவல் என்றே முடிவு செய்திருந்தேன். எனக்கு அதன் மேல் பிரியம் அதிகம்.

நர்ஸ் பெண் முதலில் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுதான் வேதனை. அவள் கேட்டருகே நிற்பது தெரிந்தால் நான் பின்பக்கமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். யாரிடமும் நின்று பேசி எனக்குப் பழக்கமில்லை. ஒரு நாள் மாட்டிக்கொண்டேன். அவள் முழங்கையில் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"அண்ணா, நேத்து காலைல டூட்டி முடிச்சி வரப்போ வண்டியிலயே கண்ணு சொருகிடுச்சி. கோரிமேடு சிக்னல்கிட்ட வுழுந்துட்டேன். பின்னாடி பஸ் வந்துச்சி, நிறுத்திட்டாங்க. நான் வீடு மாத்திக்கிறேன். அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

தலையை ஆட்டினேன். அது கூடச் சரியாக வரவில்லை.

அன்றைக்கே சேவலைக் கூடையில் போட்டுச் சாக்கால் மூடினேன். இருட்டென்றால் அடங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கூடைக்குள்ளிருந்து கூவியது. பானைக்குள் கத்துவது போல இன்னும் கணீரென்று கேட்டது. மனைவி வந்து சாக்கை உருவினாள். "சாமிக்கு வுட்டத மூச்சு முட்ட வெச்சி, அப்புறம் எனக்கு எதுனா ஆச்சின்னா?" என்று கேட்டாள். விற்கவும் கூடாது, ஊரில் கொண்டுபோய் விடவும் கூடாது. அவளைக் காப்பாற்றிய சாமிக்குப் பயந்து, அவளைப் பார்த்துக்கொண்ட பெண்ணை வண்டியிலிருந்து விழவைத்துக்கொண்டிருந்தோம்.

வேறு வழியில்லாமல் ஊரில் இருக்கும் மச்சானுக்கு போன் போட்டேன். நானாக அவனை அழைத்தது அதுதான் முதல் தடவை. யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறினான். விஷயத்தைச் சொன்னேன். பூசாரியைக் கேட்டுவிட்டுப் பத்தே நிமிஷத்தில் திரும்ப அழைத்தான்.

"எந்த ஞாயித்துக்கெழமையும் பண்ணலாமாம் மாமா. ஆடின்னு உனக்கு யாரு சொன்னா?"

மனைவியைப் பார்த்தேன். வழக்கம் அப்படித்தானே என்றாள். ஐந்து மாதம் அந்தக் கூவலைக் கேட்டோம், ஒரு போன் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போய் வேண்டுதலை முடித்தோம். குழம்பை நர்ஸ் பெண்ணுக்கும் கொடுத்தோம். வாங்கிச் சாப்பிட்டாள். அடுத்த இரண்டு நாள் அவள் வீட்டுக் கதவு நாலு மணி வரை திறக்கவில்லை. வேறு வீடு பார்ப்பதை நிறுத்திவிட்டதாக மனைவியிடம் சொன்னாளாம். பெட்டைகள்தான் தலைவன் இல்லாமல் கூண்டில் இடத்துக்கு ஒன்றையொன்று கொத்திக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு ஊமைச் சேவல் மதில் மேல் ஏறியது. இறக்கையை இரண்டு தரம் அடித்தது. முதல் கூவல் பாதியில் உடைந்தது. இரண்டாவதை முழுசாக முடித்தது. பின்தெருவிலிருந்து பதில் வந்தது. அதற்கும் இது பதில் சொன்னது. இத்தனை மாதம் பெரியதற்குப் பயந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

பக்கத்துக் கதவு திறந்தது. கலைந்த தலையோடு அந்தப் பெண் வந்து மதிலைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, இது எந்த சாமிக்கு?"

என் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்துகொண்டிருந்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எந்த சாமிக்கும் இல்லம்மா. நீ போயி தூங்கு" என்றேன்.

கறுப்பைப் பிடித்துக் கூடையில் போட்டு வண்டியில் கட்டினேன். மத்தியானத்துக்குள் மச்சான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் அது கூவிக்கொண்டே வந்தது.