சாவி இல்லாத வண்டி

"இத யாரு டீச்சர் ஒங்களுக்குச் செஞ்சி குடுத்தாங்க?"

செலின் டீச்சரின் மின்சார மிதிவண்டியைப் பார்த்த எல்லோரும் கேட்ட கேள்வி இது. பெரிய மார்க்கெட்டில் பூ விற்கும் பெண் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். செலின் தன் இரண்டு கைகளையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இதோ, இந்த ரெண்டு பேரு."

சென்ற மாதம் அவள் இறந்த செய்தி தொலைபேசியில் வந்தது. சொன்னவர் எங்களோடு வேலை பார்த்த ஆசிரியை. செய்தியைச் சொன்ன கையோடு, "அந்த வண்டியில இருந்து வுழுந்துட்டாங்களாமே?" என்று கேட்டார். அடக்கத்துக்கு வந்தவர்களில் பலரும் அதையே கேட்டார்கள். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். செலின் கல்லீரல் நோயால் மருத்துவமனைக் கட்டிலில் இறந்தாள். கடைசி இரண்டு மாதமும் வண்டி அவள் வீட்டுக் கூடத்துச் சுவரில் சாய்ந்தே கிடந்தது. அந்த வண்டி அவளைக் கொல்லவில்லை. படுக்கையில் விழும்வரை அவளை நடமாட வைத்ததே அதுதான்.

அவள் தையல் ஆசிரியை, நான் கணக்கு ஆசிரியை. ஆசிரியர் அறையில் எதிரெதிர் நாற்காலியில் பணிக்காலம் முழுவதையும் கழித்தோம். 'அவர்' என்று எழுதினால் கோபித்துக்கொள்வாள்.

ஓய்வு பெற்ற பிறகு சனிக்கிழமைதோறும் ஸ்கூட்டரில் கனகசெட்டிக்குளம் போய், கடலோரக் கொட்டகை ஒன்றில் மீனவர் வீட்டுப் பெண்களுக்கு ரவிக்கை வெட்டவும் தைக்கவும் சொல்லிக்கொடுத்தாள். ஒரு நாள் மார்க்கெட் அருகே ஸ்கூட்டரோடு சரிந்தாள். முழங்கால் வீங்கியது. வீக்கம் வடிந்து எழுந்து வந்தபோது ஸ்கூட்டரும் இல்லை, மாட்டியிருந்த ஆணியில் சாவியும் இல்லை.

"வித்துட்டேம்மா. ஒனக்கு எதுனா ஆனா நான் இன்னா பண்ணுவேன்?" என்றான் மகன் பெலிக்ஸ். பாசத்தில்தான் கேட்டான், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"எனக்கு எதுவும் ஆவலடா. நீதான் பண்ணிட்ட."

பேருந்து நெடுஞ்சாலையோடு போய்விடும். ஆட்டோக்காரர்கள் மணலில் இறங்க மாட்டார்கள். வலிக்கிற காலோடு அந்தக் கொட்டகைவரை மணலில் நடக்க அவளால் முடியாது. சனிக்கிழமை வகுப்பு நின்றது. அந்த வாரங்களில் அவள் பேசிய பேச்செல்லாம் மணலைப் பற்றித்தான். "ஒல்லிக் கம்பிய மாவுல வெச்சா இறங்கும். அம்மிக் கொழவிய வெச்சா ஒக்காரும். எனக்குக் கொழவி மாதிரி டயரு வேணும்." மாடியில் குடியிருந்தவர்கள் வீடு மாறியபோது அப்படிப்பட்ட தடித்த டயர் சைக்கிள் ஒன்றை விற்றார்கள். அதை வாங்கிக் கூடத்தில் நிறுத்தினாள். மோட்டார் பொருத்திய பின்சக்கரமும் பேட்டரியும் பெட்டியில் வந்து இறங்கின.

பெட்டியை அவள் திறக்கவில்லை. முதலில் பிரேக்கை மாற்றினாள். தெருவின் சரிவில் வண்டியைக் கொண்டுபோய், "அரிசி மூட்டைக்குப் பதிலா நீ ஏறி ஒக்காரு மங்கை" என்று என்னைப் பின்னால் ஏற்றினாள். உருட்டிவிடுவாள், பிரேக்கைப் பிடிப்பாள். மறுபடியும் உருட்டுவாள். ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். "மோட்டார மாட்டுடி, மானம் போவுது" என்றேன்.

"ஓடறத அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல நிக்கட்டும்."

மோட்டார் மாட்டிய அன்று ஒரு தப்பு செய்தாள். தையல் ஆசிரியை மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தையல் மிஷின் திருகை விரலால் முடுக்குகிற பழக்கத்தில், சக்கரத்தின் நட்டையும் 'போதும்' என்று பாதியில் விட்டுவிட்டாள். ஆக்சிலேட்டரைத் திருகியதும் சக்கரத்துக்குப் பதிலாக அச்சு சுழன்று ஒயரைப் பிய்த்தெறிந்தது. வண்டி அசையவே இல்லை.

ஒயரை ஒட்டித் தந்த சைக்கிள் கடைக்காரர் சிரித்தார். "டீச்சர், இது ரவிக்கை இல்ல."

"ரவிக்கை தைச்சிப் பாத்திருந்தா இப்படிப் பேச மாட்ட. சிரிச்சது போதும், அச்சு சுத்தாம இருக்க இன்னா வழி, அதச் சொல்லு."

அச்சைக் கவ்விப் பிடிக்க ஓர் இரும்புப் பட்டை வேண்டும் என்றார் அவர். பட்டையை அவளே போட்டாள், நட்டை நீளக் கைப்பிடி ஸ்பேனரால் முடுக்கினாள். அடுத்த முறை ஒயர்களை நூலால் தளர்வாகக் கட்டிவிட்டு, ஹேண்டிலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்தாள். எங்கும் இழுக்கவில்லை என்று தெரிந்த பிறகே இறுக்கிக் கட்டினாள். "ரவிக்கையப் போட்டுக் கையத் தூக்கிப் பாத்தாதான் அக்குள்ல புடிக்குதான்னு தெரியும்" என்றாள். பேட்டரிக்குத் தடித்த கித்தானில் பை தைத்தாள். வண்டியை நிறுத்தினால் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவாள்.

சாவிப் பூட்டை மட்டும் வேண்டுமென்றே மாட்டவில்லை. ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். பெலிக்ஸ் கேட்டபோது, "சாவி இருந்தாத்தான புடுங்குவ?" என்றாள்.

வண்டி தயாரானதும் வந்த முதல் சனிக்கிழமை கனகசெட்டிக்குளத்துப் பெண்கள் சந்தில் வந்து நின்று பார்த்தார்கள். சேலையை முட்டிவரை ஏற்றிச் செருகிக்கொண்டு, மணலில் பதியாமல், மாட்டு வண்டி வேகத்தில் கொட்டகை வாசல்வரை வந்தாள் செலின். "இந்த வயசுல இன்னாத்துக்கு டீச்சர் இதெல்லாம்?" என்றாள் ஒருத்தி.

"ஒனக்குக் கழுத்து வெட்ட இன்னும் வரல, அதுக்குத்தான்."

அடக்கம் முடிந்த சில நாள் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் பழைய இரும்புக்காரரின் வண்டி நின்றது. பெலிக்ஸ் சைக்கிளை வெளியே உருட்டிக்கொண்டிருந்தான்.

"இத பாக்கப் பாக்க எரியுது டீச்சர்."

"ஒங்கம்மா இதுல இருந்து ஒரு தடவையாவது வுழுந்தாங்களா?"

உருட்டுவதை நிறுத்தினான். "இல்ல."

"அப்ப எங்கிட்ட குடு."

"நீங்க ஓட்டவா? இந்த வயசுலயா?"

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே வயசுதான்டா."

இரும்புக்காரரை அனுப்பிவிட்டு உள்ளே போனவன் ஆணியிலும் அலமாரியிலும் எதையோ துழாவினான். "சாவி எங்க வெச்சாங்கன்னு தெரியல டீச்சர்."

"இதுக்குச் சாவி கெடையாது பெலிக்ஸ்."

கண்ணீரோடு துழாவிக்கொண்டிருந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேட்டரிப் பையை அவனே என் தோளில் மாட்டிவிட்டான்.

எனக்குத் தைக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பெண்களில் இருவர் இப்போது மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். துணிக்கட்டும் கத்தரிக்கோலும் கொண்டு போகிறேன், துணி அளவுக் கணக்குப் போட்டுத் தருகிறேன். சனிக்கிழமை வகுப்பு நிற்கவில்லை. "கீழ வுழுந்து கெடக்கப் போறீங்க" என்று என்னிடமும் சொல்கிறார்கள். சொல்லட்டும். நிறுத்த வேண்டிய நேரத்தில் நானே நிறுத்திக்கொள்வேன். செலினிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வண்டியும், மோட்டாருக்கு முன்னால் அவள் பூட்டிய அந்த பிரேக்கும்.

உங்கள் வீட்டில் ஒரு சைக்கிள் தூசி படிந்து கிடக்கும். இன்றைக்கு அதை வெளியே எடுத்து, காற்றடித்து, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி முன்னால் தள்ளிப் பாருங்கள். சக்கரம் உருண்டால், வேறு எதற்கும் முன்னால் அதைச் சரிசெய்யுங்கள்.